அந்த வீட்டிலிருந்து பிரிக்கலாமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கோவையில் ஒரு அக்கா தெருவில் கிடந்த ஐந்து நாய்க்குட்டிகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அதில் ஒரு பெண் குட்டியைத் தத்தெடுக்க ஆசை. இரண்டரை மாதம். தாய் தெருநாய், தகப்பன் லாப்ரடாராக இருக்கலாமாம். 'கிராஸ் குட்டி எப்படி வளரும்னே தெரியாது, காசு கொடுத்து நல்ல ஜாதி நாயா வாங்கு' என்கிறார் அப்பா. எனக்கு உறுத்துவது வேறு. நான் போயிருந்தபோது குட்டி அந்த அக்காவின் காலடியை விட்டு நகரவே இல்லை. பிரித்துக் கூட்டிவருவது பாவமில்லையா?

வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

பாவமில்லை. நீங்கள் கூட்டிவந்தால்தான் அந்த வீட்டில் அடுத்த குட்டிக்கு இடம் கிடைக்கும். அது அவர் காலடியை விட்டு நகரவில்லை என்பதே எனக்கு நல்ல சேதியாகப் படுகிறது. பிறந்த 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரைதான் ஒரு குட்டி மனிதர்களிடம் சுலபமாக ஒட்டும். அந்த நாட்களை மிக்ஸி சத்தம், காலிங் பெல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்துக்குள் கழித்திருக்கிறது, ஒருவரை நம்பவும் கற்றுக்கொண்டுவிட்டது. உங்களையும் நம்பும், கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

எங்கள் குட்டியும் இப்படி ஒருவர் வளர்த்துக் கொடுத்ததுதான். வந்த அன்று கட்டிலுக்கடியில் போய் சுவரோடு ஒட்டிக்கொண்டது, இரண்டு நாள் வெளியே வரவில்லை, விளக்கை அணைத்த பிறகுதான் தட்டில் நாக்கு படும் சத்தம் கேட்கும். பசிக்குமே என்று பசும்பால் வைத்தேன், ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. பழகாத பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அப்புறம்தான் தெரிந்தது. அதனால் அங்கே என்ன சாப்பிட்டதோ அதையே முதல் வாரம் கொடுங்கள். அது படுத்துப் புரண்ட துணி ஒன்றைத் துவைக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு பழைய நைட்டி வந்தது. மூன்றாம் நாள் காலையில் குட்டி அதை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு வந்து என் பாயின் ஓரத்தில் போட்டுப் படுத்தது.

தடுப்பூசி அட்டையை அவசியம் கேளுங்கள். குட்டிகளைக் கொல்வதில் பார்வோ என்கிற வைரஸ் பெரிய எமன், அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. ரேபிஸ் ஊசி 3 மாதம் முடிந்ததும். இதெல்லாம் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாதீர்கள், தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் காட்டுங்கள். கூடப்பிறந்தவற்றில் ஏதாவது செத்ததா என்றும் கேட்டுவிடுங்கள், கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். பெண் குட்டி, கருத்தடை எப்போது என்று மருத்துவரிடம் இப்போதே பேசிவையுங்கள்.

அப்பாவின் பயம் நியாயமானது, எவ்வளவு பெரிதாகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. லாப்ரடார் தகப்பன் என்பதையும் நம்பி எடுக்காதீர்கள், மடிந்த காதைப் பார்த்து அப்படிச் சொல்வதுண்டு, ஆனால் இந்த வயதில் நம் நாட்டுக் குட்டிகளுக்கும் காது மடிந்துதான் இருக்கும். ஆனால் ஜாதி நாய் வாங்கினால் கவலையில்லை என்பதும் சரியல்ல. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வழிவழியாக வருகிற ஒன்று. அப்பாவை ஒருநாள் அங்கே கூட்டிப்போய்த் தரையில் உட்காரச் சொல்லுங்கள், குட்டி தானாக வரட்டும்.

அந்த அக்காவுக்கு அவ்வப்போது போட்டோ அனுப்புங்கள். நான் ஏழு வருடமாக அனுப்புகிறேன், நைட்டி கொடுத்தவர் இன்றைக்கும் முதலில் கேட்பது 'சாப்பிட்டுச்சா?' என்றுதான்.