ஓபரா பாடகிகளில் உங்களை மிகவும் கவர்ந்தவர் யார்? ஏன்?

லியொண்டைன் பிரைஸ். அவருடைய குரலைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அவருடைய ஒரு மறுப்புதான் முதலில் நினைவுக்கு வரும்.

பிரைஸ் 1927இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்ற சிற்றூரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மரம் அறுக்கும் ஆலையில் தொழிலாளி. அம்மா பிரசவம் பார்ப்பவர். ஒன்பது வயதில் அம்மா அவரை ஜாக்சன் நகருக்கு மரியன் ஆண்டர்சனின் பாட்டைக் கேட்க அழைத்துப் போனார். பாடகியாக வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது. அந்த ஆண்டர்சனுக்கே அமெரிக்காவின் முதன்மையான ஓபரா அரங்கான நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா 1955இல், அவருடைய 57ஆம் வயதில்தான் கதவைத் திறந்தது. அங்கே தனி வேடம் ஏற்றுப் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அதே ஆண்டு பிரைஸ் தொலைக்காட்சியில் 'டோஸ்கா' ஓபராவைப் பாடியபோது, தென் மாநில நிலையங்கள் சில அதை ஒளிபரப்ப மறுத்தன.

இந்த நிலையில்தான், 1950களின் இறுதியில், மெட்ரோபாலிட்டன் அவரை 'ஐடா' ஓபராவில் நாயகி ஐடாவாகப் பாட அழைத்தது. வியன்னாவில் கராயானின் இசை நடத்துதலில் அவர் பாடிப் பெயர் வாங்கிய வேடம் அது. ஆனாலும் மறுத்துவிட்டார். ஐடா பிறப்பால் இளவரசி. மேடையில் அவள் எகிப்தியரின் அடிமை. முதல் முறை அந்த மேடை ஏறும்போது சீமாட்டியாக ஏற வேண்டும், அடிமையாக அல்ல என்று இசை நடத்துநர் பீட்டர் ஹெர்மன் ஆட்லர் அவருக்குச் சொல்லியிருந்தார். முப்பது வயதை ஒட்டிய ஒரு பாடகி அப்படிப்பட்ட அழைப்பைத் தள்ளிவைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அடுத்த அழைப்பு வரும் என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

வந்தது. 1961 ஜனவரி 27 அன்று வெர்டியின் 'இல் த்ரோவாதோரே'வில் உயர்குடிப் பெண் லியோனோராவாக நுழைந்தார். முடிவில் கைதட்டல் 42 நிமிடங்கள் நீடித்ததாகச் சொல்வார்கள்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் புச்சீனியின் ஓபரா ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தபோது குரல் அடைத்துப்போய், இரண்டாம் அங்கத்தை வசனமாகப் பேசியே முடித்தார். மூன்றாம் அங்கத்தை வேறொருவர் பாடினார். பிறகு ஓய்வெடுத்துத் திரும்பி வந்தார். 1970களில் ஓபரா மேடையைக் குறைத்துக்கொண்டு தனிக் கச்சேரிகளுக்கு நகர்ந்தார். குரல் அத்தனை காலம் நின்றதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

1985 ஜனவரி 3 அன்று ஓபராவிலிருந்து விடைபெற்றபோது அவர் பாடியது 'ஐடா'. அன்று மறுத்த அதே வேடம், அதே மெட்ரோபாலிட்டன். ஒளிப்பதிவு இருக்கிறது, பாருங்கள். தாய்நாட்டை நினைத்து ஐடா ஏங்கும் பாடல் முடிந்ததும் கைதட்டல் மூன்று நிமிடங்களுக்கும் மேலாக ஓயவில்லை. பொங்கி வருவதை அடக்கிக்கொள்ள அவர் படும் பாடு முகத்தில் தெரிகிறது.

அப்போது அவருக்கு வயது 57. மரியன் ஆண்டர்சன் மெட்ரோபாலிட்டனில் முதல் முறை பாடிய வயது.