இந்தியாவில் நுகர்வோர் கூட்டு வழக்கு நடத்தும் வழக்கறிஞராக வாழ முடியுமா?

கேட்டவர் சட்டக் கல்லூரி மாணவர். அமெரிக்காவில் ஒரே வழக்கில் பல லட்சம் பேருக்கு இழப்பீடு வாங்கித்தரும் வழக்கறிஞர்களைப் பற்றிப் படித்திருக்கிறார். இங்கே அப்படி ஒரு தொழில் உண்டா, நீங்கள் அதற்குள் எப்படி வந்தீர்கள் என்கிறார். உண்டு. ஆனால் அதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துகிற ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

நான் வந்த வழி சாதாரணமானது. அப்பா செய்யாறில் பத்திர எழுத்தர். சட்டக் கல்லூரி பாரிமுனையில், உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்த காலத்தில் படித்தேன். பிறகு உரிமையியல் வழக்குகள் மட்டும் பார்க்கும் ஒரு சீனியரிடம் ஜூனியர். பாகப்பிரிவினை, தடையாணை, வாடகை வழக்கு, வாய்தா. நுகர்வோர் சட்டம் அந்த அறையில் பேச்சுக்குக்கூட வராது. அதை வக்கீல் இல்லாமலே நடத்தலாமே என்ற இளக்காரம்.

அதை மாற்றியது ஓர் அடுக்குமாடி விவகாரம். புறநகரில் வீடு வாங்கிய அறுபதுக்கும் மேற்பட்டோர். சொன்ன காலம் கடந்தும் சாவி கைக்கு வரவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். வாங்கியவர் தவணை தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கட்டுநர் தாமதித்தால் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய். பக்கத்துப் பக்கமாக அச்சடித்த இரண்டு ஷரத்துகள். அத்தனை பேரும் இரண்டுக்கும் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

தனித்தனியாக வழக்குப் போடுவதா, சேர்ந்து போடுவதா என்று கேட்டபோது சீனியர் எடுத்துக் கொடுத்தது அசோக் நகர் வழக்கை. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் அங்கே வீடு ஒதுக்கி, பல ஆண்டுகள் கழித்துக் கூடுதல் விலை கேட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோட்டீஸ் அனுப்பியது. நோட்டீஸ் தனித்தனி, அதனால் வழக்கும் தனித்தனியாகத்தான் வரவேண்டும் என்றது வாரியம். உச்ச நீதிமன்றம் 1990இல் அதை ஏற்கவில்லை. நலன் ஒன்றாக இருந்தால் போதும், ஒருவர் எல்லோருக்குமாக வரலாம் என்றது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1, விதி 8 என்பது அதுதான். இன்றைய 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதன் வாசல் பிரிவு 35(1)(சி).

அந்த வாசலில் தடுக்கி விழுபவர்கள் நிறைய. 2021 டிசம்பரில், பெங்களூரின் பிரிகேட் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 51 வீடுகளை வாங்கிய 91 பேர், 1,134 வீடுகள் உள்ள குடியிருப்பு முழுவதன் சார்பாகவும் வந்தார்கள். எல்லோருடைய நலனும் ஒன்றே என்பதை மனுவிலேயே காட்டவில்லை என்றது உச்ச நீதிமன்றம். வழக்கைத் தள்ளவில்லை, அந்த 91 பேருக்கான கூட்டுப் புகாராக மட்டும் நடக்கட்டும் என்றது. தீர்ப்பை எழுதியவர் சென்னையில் வக்கீலாக இருந்த நீதிபதி வி.ராமசுப்பிரமணியன். இத்துறைக்கு வர நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்: யார் எப்போது ஒப்பந்தம் போட்டார்கள், எந்தப் பிளாக், எந்தத் தேதி வாக்களிக்கப்பட்டது என்ற அட்டவணையைத் தயாரிக்காமல் ‘நாங்கள் அனைவரும்’ என்று மனு எழுதக் கூடாது. அந்த அட்டவணைதான் என் வேலையில் பாதி.

மீதிப் பாதி, கூட்டத்தைக் கலையாமல் காப்பது. எதிர்த்தரப்பு வாதத்தைவிட எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது இதுதான். வழக்கு சூடுபிடித்ததும் கட்டுநர் தரப்பு ஒவ்வொருவராக அழைத்துப் பேசும். வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர் ஒருநாள் இரவு போன் செய்தார்.

“சார், எனக்கு மட்டும் ரெண்டு லட்சம் தள்ளுபடி தருகிறார்களாம். யாரிடமும் சொல்லக் கூடாதாம். வாங்கிக்கொள்ளட்டுமா?”

“உங்களுக்கு வருகிற தொகை எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தந்தேனே, ஐயா. அதைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.”

அவர் வாங்கிக்கொண்டார். கோபித்து என்ன பயன்? வாடகையும் மாதத் தவணையும் சேர்ந்து கட்டுபவரிடம் பொறுமை பற்றிப் பாடம் எடுக்க முடியாது. விலகாமல் இருந்தவர்களுக்குத் தெம்பு கொடுத்தது பெங்களூரின் இன்னொரு வழக்கு: 2020இல் டிஎல்எஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் குடியிருப்பு தொடர்பாக 339 பேர் வந்தபோது, சதுர அடிக்கு 5 ரூபாய்க்கு மேல் எதுவும் கேட்க முடியாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தாமதத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் தரச் சொன்னது.

இனி பணம். அமெரிக்க வழக்கறிஞர் தன் செலவில் வழக்கு நடத்தி, வென்றால் கிடைக்கும் பொதுத் தொகையிலிருந்து நீதிமன்ற ஒப்புதலுடன் பங்கு எடுக்கிறார். நமது பார் கவுன்சில் விதிகள் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையே தடுக்கின்றன. விளைவைச் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடியில் பார்க்கலாம். அமெரிக்கச் சந்தையில் பங்கு வாங்கியவர்களுக்கு 2011இல் அந்த நிறுவனம் 12.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இங்கே அதே மோசடியில் ஏமாந்தவர்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை. பங்குதாரர்கள் சேர்ந்து வழக்குப் போட வழிசெய்யும் கம்பெனிச் சட்டத்தின் பிரிவு 245 பிறகுதான் வந்தது. வந்தும் அதைத் தொடுபவர்கள் சொற்பம். பார் கவுன்சிலின் கட்டண விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஐந்நூறு ரூபாய் இழந்த ஒரு லட்சம் பேருக்கு இங்கே வக்கீல் கிடைக்காததற்கு அதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து. அரசே வந்தாலும் வெற்றி நிச்சயமில்லை: மேகி நூடுல்ஸ் விவகாரத்தில் மத்திய அரசு சுமார் 640 கோடி ரூபாய் கேட்டு 2015இல் போட்ட மனுவைத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2024இல் தள்ளுபடி செய்தது.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதல் சில ஆண்டுகள் சாதாரண உரிமையியல் வழக்குகளைப் பாருங்கள்; குறுக்கு விசாரணை அங்கேதான் வரும். கூட்டு வழக்கு எடுக்கும்போது கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வசூலை ஒரு தனிநபர் கணக்கில் போட விடாதீர்கள். நான் பார்த்தவரை, குடியிருப்போர் உடைவது அநேகமாக அந்தக் கணக்கு விவகாரத்தில்தான்.