வளாகத்தில் ஃப்ளூ ஊசி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிப்போரின் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தாலே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கக் கட்டடம், நூலகம், உடற்பயிற்சிக்கூடம் என்று கண்ட இடத்திலெல்லாம் மேசை போட்டு ஃப்ளூ ஊசி போடுவார்கள். ஊசி குத்த ஒரு நிமிடம்கூட ஆகாது. தடுமாற்றமெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். இந்த முறை வந்த கேள்விகளும் அதைப் பற்றியே.

ஆகஸ்டில் வந்து சேர்ந்தேன். எப்போது போட்டுக்கொள்வது நல்லது?

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிவதற்குள். உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய 2 வாரம் பிடிக்கும். நவம்பரின் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. அந்த வாரம் விமான நிலையங்கள் நிரம்பி வழியும். அதற்கு முந்தைய நாள் ஓடிப்போய் ஊசி போட்டுப் பயணத்துக்குப் பயனில்லை. அதற்காக ஆகஸ்டிலேயே அவசரப்படவும் வேண்டாம், மாதங்கள் ஆக ஆகப் பாதுகாப்பு குறையும். தவறவிட்டவர்கள் டிசம்பரிலும் ஜனவரியிலும்கூடப் போடலாம். அமெரிக்காவில் ஃப்ளூ உச்சம் தொடுவது பெரும்பாலும் பிப்ரவரியில்தான்.

இலவசம் என்று போட்டிருந்தது. ஆனால் இன்சூரன்ஸ் கார்டு கேட்கிறார்கள். ஏன்?

நீங்கள் காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் இங்கே ‘இலவசம்’ என்பதன் பொருள். பல வளாகங்களில் தொகையை உங்கள் இன்சூரன்ஸிடம் வாங்கிக்கொள்வார்கள். கார்டு இல்லாமல் போனால் அந்தத் தொகை உங்கள் மாணவர் கணக்கில் ஏறலாம். அதனால் மாணவர் அடையாள அட்டை, இன்சூரன்ஸ் கார்டின் இரு பக்கப் படம் இரண்டையும் கையோடு வைத்திருங்கள்.

பல்கலைக்கழகத்தின் மாணவர் காப்பீடு பொதுவாக இந்த ஊசியின் முழுச் செலவையும் ஏற்கும். ஆனால் அந்தக் காப்பீட்டின் வலையமைப்புக்குள், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள இடத்தில் போட வேண்டும். இந்தியாவில் மலிவாக வாங்கி வந்த பயணக் காப்பீடு வேறு ரகம். நோய் வந்தால்தான் பணம் தரும், தடுப்பூசிக்குப் பெரும்பாலும் தராது. அந்த வகைக் காப்பீடு இருந்தால், மாணவர் சுகாதாரக் கட்டணத்திலேயே ஊசி அடங்குமா என்று சுகாதார மையத்தில் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் சி.வி.எஸ்., வால்கிரீன்ஸ் போன்ற மருந்துக்கடைகள் பக்கம் போவதற்கு முன் உங்கள் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறையில் விசாரியுங்கள். பல ஊர்களில் அங்கே குறைந்த கட்டணம்தான்.

நான் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டேன். எனக்கு ஏற்ற ஊசி உண்டா?

உண்டு. ஆனால் மேசைக்கு வந்த பிறகு கேட்டால் கிடைப்பது சிரமம், நேரம் பதிவு செய்யும்போதே கேளுங்கள். வழக்கமான ஃப்ளூ ஊசிக்குக் கோழிமுட்டையில்தான் வைரஸை வளர்க்கிறார்கள். முட்டை கலக்காதவை இரண்டு: ஃப்ளூசெல்வாக்ஸ், ஃப்ளூபிளாக். முதலாவதில் வைரஸ் வளர்வது நாயின் சிறுநீரகத்திலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் எடுத்து ஆய்வகத்தில் பெருக்கிவரும் உயிரணுக்களில். இரண்டாவதில் வைரஸே கிடையாது. பூச்சியின் உயிரணுக்களில் ஃப்ளூ வைரஸின் புரதத்தை மட்டும் தயாரிக்கிறார்கள். இதில் எது உங்கள் சைவத்துக்கு ஒத்துவரும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூக்கில் பீய்ச்சும் ஃப்ளூமிஸ்ட்டில் ஊசி வலி இல்லையே என்று அதைத் தேடுபவர்கள் கவனிக்க: அதில் முட்டைப் புரதத்தோடு பன்றியிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் உண்டு. அது 2 முதல் 49 வயதுக்காரர்களுக்கு மட்டும். கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் கூடாது.

முட்டை ஒவ்வாமை உள்ளவர்களின் கேள்வி வேறு. அவர்களும் வயதுக்கு ஏற்ற எந்த ஃப்ளூ ஊசியையும் போடலாம் என்பதே இப்போதைய அமெரிக்க வழிகாட்டல். முன்பு ஃப்ளூ ஊசிக்கே கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் மேசைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

போன வருடம் ஊசிக்குப் பிறகு பல வாரம் கையைத் தூக்க முடியவில்லை. இந்த முறை பயமாக இருக்கிறது.

சாதாரண ஊசி வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். வாரக்கணக்கில் நீடித்தது என்றால், மருந்து தசையில் இறங்காமல் தோள்மூட்டுக்கு அருகே இறங்கியிருக்க வாய்ப்புண்டு. ஊசி அளவுக்கு மேல் உயரத்தில் குத்தினால் இப்படி ஆகும்.

இதற்கு ஒரு காரணம் உடை. குளிருக்கு இறுக்கமான முழுக்கைச் சட்டையோடு வந்து, கைப்பகுதியைச் சுருட்ட முடியாமல் கழுத்துப் பக்கத்தை இழுத்துத் தோளை மட்டும் காட்டுவார்கள். அப்போது கண்ணில் படுவது மேல் தோள்தான், ஊசியும் அங்கேயே இறங்கும். சரியான இடம் தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, புஜத்தின் வெளிப்பக்கத் தடித்த சதை. உள்ளே அரைக்கை டி-ஷர்ட் போட்டு, மேலே கழற்றக்கூடிய ஸ்வெட்டர் போடுங்கள். கையைத் தொங்கவிட்டுத் தளர்வாக உட்காருங்கள். ஊசி போடுபவரும் உட்கார்ந்தே போடுவது நல்லது, நின்றபடி போட்டால் குறி மேலே ஏறும். எழுதாத கையைக் கொடுங்கள். மருந்து அரை மில்லிதான். போட்ட பிறகு கையை அசைத்தபடி இருந்தால் இறுக்கம் சீக்கிரம் விடும். போன வருடத்து வலி இன்னும் மிச்சமிருந்தால் அதை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எம்.எம்.ஆர். ஊசியும் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கானது) காசநோய்ச் சோதனையும் பாக்கி. இடைவெளி விட வேண்டுமா?

ஃப்ளூ ஊசிக்கு எந்த இடைவெளியும் வேண்டாம், ஒரே நாளில் இரு கைகளிலும் போடலாம். மூக்கு மருந்து உயிருள்ள வைரஸ் என்பதால் அதற்கும் எம்.எம்.ஆருக்கும் ஒரே நாள், அல்லது 4 வார இடைவெளி. காசநோய்க்கான தோல் சோதனையை ஃப்ளூ ஊசி குழப்பாது, எம்.எம்.ஆர். குழப்பும். அதனால் சோதனையை முதலில், அல்லது அதே நாளில் முடித்துவிடுங்கள்.

ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும்.

இளைஞர்களிடம் இது சகஜம். வெறும் வயிற்றில் போகாதீர்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் படுக்கவைத்துப் போடுவார்கள். பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். வகுப்புக்கு நேரமாகிறது என்று உடனே எழுந்து படிக்கட்டில் இறங்குவதுதான் ஆபத்து.

மகனுக்கு ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல். ஊசியே ஃப்ளூவைக் கொடுத்துவிட்டதா? என்ன மாத்திரை தரலாம்? (தாயார், மதுரை)

இல்லை அம்மா. அந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. லேசான காய்ச்சலும் உடம்பு வலியும் உடல் பதில் சொல்வதன் அடையாளம், ஒன்றிரண்டு நாளில் அடங்கும். மாத்திரை விஷயத்தில்தான் கவனம் தேவை. அங்கே அசிட்டமினோஃபென் என்பதும் நம் பாராசிட்டமாலும் ஒன்றே. நீங்கள் கொடுத்தனுப்பிய டோலோ 650, அவர் கடையில் வாங்கும் டைலனால், இரவில் குடிக்கும் நைக்வில் மூன்றிலும் அதே மருந்துதான். சேர்த்துப் போட்டால் கல்லீரலுக்குக் கேடு. ஏதாவது ஒன்று போதும். மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம்; சுகாதார மையத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

நர்சிங் படிக்கிறேன். ரசீதைக் கொடுத்தால் ஏற்க மறுக்கிறார்கள்.

ரசீது பணம் கட்டியதற்குத்தான் சான்று. மருத்துவமனைப் பயிற்சிக்குக் கேட்பது தடுப்பூசிப் பதிவு: உங்கள் பெயர், பிறந்த தேதி, போட்ட தேதி, மருந்தின் பெயர், தயாரிப்பாளர், லாட் எண் (மருந்து தயாரான தொகுதியின் எண்), போட்டவரின் கையொப்பம். மேசையை விட்டு நகரும் முன் கேட்டு வாங்குங்கள். விட்டுவிட்டால் மாணவர் சுகாதார இணையதளத்திலோ மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டிலோ எடுக்கலாம்.

டிசம்பரில் சென்னை போகிறேன். அங்கே இன்னொன்று போட வேண்டுமா?

வேண்டாம், அக்டோபரில் போட்ட ஒன்றே அந்தப் பருவத்துக்குப் போதும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சென்னையிலும் ஃப்ளூ பரவும். ஆகவே போவதற்கு 2 வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். வீட்டில் 65 வயது தாண்டிய தாத்தா பாட்டி இருந்தால் அவர்கள் மருத்துவரிடமும் இதைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.