புகையான் ஏன் சாகவில்லை? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூச்சியைப் பற்றித்தான், முக்கியமாக நெல் தண்டில் சாறு உறிஞ்சுகிற புகையானைப் பற்றி. கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் சம்பா பொதி கட்டும் நேரம், வேறு எதைக் கேட்பார்கள்? ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துக்கொண்டேன்.

எனக்கு இரண்டு காணி நஞ்சை. பி.பி.டி. 5204 நெல் நடுகிறேன். நாலு வருஷமாக ஒரே மருந்துதான். முதல் வருஷம் அடித்த மறுநாளே புகையான் செத்து மிதந்தது. இப்போது இரண்டு மடங்கு ஊற்றி அடித்தும் அப்படியே இருக்கிறது. பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டதா, இல்லை போலி மருந்தா?
*பாகூர் வாசகர்*

போலி மருந்தும் புழங்குகிறது, அதனால் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் மருந்தைவிடப் பூச்சி மேல்தான் சந்தேகம் வருகிறது.

"பழகிவிட்டது" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் எந்தப் புகையானும் தன் ஆயுளுக்குள் மருந்துக்குப் பழகுவது கிடையாது. உங்கள் வயலில் முதல் வருஷமே, லட்சத்தில் ஒன்றோ இரண்டோ, மருந்தை உடம்புக்குள் உடைத்துச் செரிக்கிற திறனோடு பிறந்த பூச்சிகள் இருந்திருக்கும். நீங்கள் மருந்து அடித்தீர்கள், மற்றதெல்லாம் செத்தது, அந்த ஒன்றிரண்டு மட்டும் தப்பியது. போட்டிக்கு யாரும் இல்லாத வயலில் அவை பெருகின. ஒரு பெண் புகையான் 200, 300 முட்டை இடும், முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வர ஏறக்குறைய ஒரு மாதம்தான், அப்படியென்றால் ஒரு சம்பா பட்டத்துக்குள்ளேயே மூன்று தலைமுறை ஓடிவிடும், நாலு வருஷத்தில் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்து தாங்காத குடும்பமெல்லாம் அழிந்துபோக, தாங்குகிற குடும்பம் ஒன்றே ஊர் முழுக்கப் பரவி நிற்கிறது.

இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து விஷயத்தில் இதை மரபணு அளவிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். சி.ஒய்.பி.6ஈ.ஆர்.1 என்று ஒரு மரபணு, விஷத்தை உடைக்கிற நொதியைச் செய்வது அதன் வேலை. எல்லாப் புகையானிலும் அது இருக்கிறது, ஆனால் மருந்துக்குத் தப்புகிறவற்றில் அது அளவுக்கு மீறி வேலை செய்கிறது. நீங்கள் இரண்டு மடங்கு ஊற்றினால் பாதித் திறன் உள்ளவையும் போய்விடும், முழுத் திறன் உள்ளவை மட்டும் நிற்கும். அதாவது உங்கள் கையாலேயே இன்னும் கெட்டியான விதையைப் பொறுக்கி எடுக்கிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்து சிலந்தியைக் கொல்கிறது, புகையான் முட்டையைக் குத்தி உறிஞ்சுகிற பச்சை நிற நாவாய்ப்பூச்சியையும் கொல்கிறது, ஆனால் இலையுறைக்குள் செருகி வைத்த புகையான் முட்டைக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. முட்டை பொரியும்போது காவலுக்கு ஆள் இருக்காது. இந்தோனேசியாவில் இது நாடு தழுவிய பிரச்சினையாகி, 1986-ல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: வயலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். குத்துகளை விலக்கி அடித்தண்டைப் பாருங்கள், ஏனென்றால் இந்தப் பூச்சி மேலே தெரியாது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது குத்திலுள்ள ஒரு தண்டுக்கு, ஒரு புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு, அதற்கு மேல் போனால்தான் மருந்து. அப்போதும் போன முறை அடித்த மருந்தின் வகையைச் சேராத ஒன்றை, அளவு மீறாமல், தண்டின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நடுங்கள், வெளிச்சமும் காற்றும் அடிவரை போகும். பி.பி.டி. 5204 அரிசிக்கு நல்ல விலை, எனக்கும் தெரியும், ஆனால் புகையானுக்குத் தாங்காத ரகம் அது.

மருந்தே வேண்டாம், புகையான் தாங்கும் ரகம் போடுங்கள் என்கிறார்கள். ஆனால் அப்படி வருகிற ரகமும் சில வருஷத்தில் விழுந்துவிடுகிறது என்றும் சொல்கிறார்கள். எது சரி?
*காட்டுமன்னார்கோயில் வாசகி*

இரண்டும் சரி அம்மா. இந்தக் கதையில் நம் ஊர்களின் பெயர் நிறைய வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1960-களின் கடைசியில் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், முட்கோ என்ற இந்திய ரகத்தைப் புகையான் தொடுவதில்லை என்று கவனித்தார்கள். அதிலுள்ள மரபணுவுக்கு பி.பி.எச்.1 என்று பெயர் வைத்தார்கள். நம் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7-ல் இன்னொன்று இருந்தது, அது பி.பி.எச்.2. பிறகு 1973-ல் அந்த நிலையத்தின் ஐ.ஆர். 26 ரகம் வந்தது. அதற்கு பி.பி.எச்.1 எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? திருவள்ளூர்ப் பக்கத்து டி.கே.எம். 6-லிருந்து. டி.கே.எம். 6-ஐப் புகையான் தின்னும், ஏனென்றால் அதிலிருந்த பி.பி.எச்.1-ஐ வேறொரு மரபணு அமுக்கி வைத்திருந்தது. ஐ.ஆர். 24-உடன் கலந்தபோது பிள்ளைகளில் சிலவற்றுக்கு அமுக்குகிற மரபணு போகாமல், காக்கிற மரபணு மட்டும் போய்ச் சேர்ந்தது. தாத்தாவுக்கு இருந்த கண் அப்பாவுக்கு இல்லாமல் பேரனுக்கு வருகிறதில்லையா, அந்த மாதிரிதான்.

ஐ.ஆர். 26 பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வியட்நாம் என்று லட்சக்கணக்கான ஏக்கரில் பரவியது. மூன்று நாலு வருஷம்தான். அதையும் தின்கிற புகையான் வந்துவிட்டது. 1976-ல் பி.பி.எச்.2 உள்ள ஐ.ஆர். 36 வந்து நிலைமையைக் காப்பாற்றியது, அது கொஞ்சம் கூடுதலாகவே தாங்கியது.

ஏன் விழுகிறது என்றால், காக்கிற மரபணு என்பது பல நேரம் ஒரு மோப்பக்காரன் மாதிரி. 2009-ல் பி.பி.எச்.14 என்ற மரபணுவைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். புகையான் ஊசிவாயைச் செருகியதும் செடி அதை உணர்ந்து, சாறு ஓடுகிற குழாயில் கேலோஸ் என்ற பசைப் பொருளைக் கொட்டி அடைத்துவிடுகிறது, பூச்சிக்குப் பட்டினி. சரி, அந்த ஒரு மோப்பத்துக்கு அகப்படாமல் எச்சில் கொஞ்சம் மாறிப் பிறந்த பூச்சி வந்தால்? கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே ரகம் நிற்கும்போது அந்தப் பூச்சிக்குத் தடுப்பே இல்லை.

ஊருக்கு ஊர் பூச்சியும் வேறு. நம் இந்தியப் புகையானுக்கு பி.பி.எச்.1, பி.பி.எச்.2 இரண்டுமே ஒரு பொருட்டில்லை. அம்பாசமுத்திரத்து நெல் வெளிநாட்டில் பயிரைக் காத்தது, இங்கே காக்கவில்லை என்பதை முதலில் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33 இன்றும் இங்கே தாங்குகிறது. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணு சேர்ந்து வேலை செய்கிறது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுகிற பூச்சி பிறப்பது மிக அபூர்வம். இன்று விஞ்ஞானிகள் ஒரே ரகத்தில் இரண்டு மூன்று மரபணுக்களைச் சேர்த்து அடுக்கப் பார்ப்பது இதனால்தான்.

உங்களுக்கு என் பதில்: தாங்கும் ரகம் போடுங்கள். புதுச்சேரி வெளியிட்ட பி.ஒய். 3, அதாவது பாரதிதாசன் ரகம், கோ 42 இரண்டும் புகையான் தாங்குபவை என்று பரிந்துரைக்கப்பட்டவை. விதை கிடைக்குமா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். ஆனால் ஏரிப் பாசனம் முழுக்க ஒரே ரகமாக நட வேண்டாம், பக்கத்து வயல்காரரிடமும் பேசுங்கள். இது ஒருவர் தனியாகச் செய்து முடிகிற காரியமில்லை.

ஒரே குத்தில் இறக்கை நீண்ட புகையானும், அரை இறக்கைப் புகையானும் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு ஜாதியா?
*சேத்தியாத்தோப்பு வாசகர்*

ஒரே ஜாதிதான், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம். பயிர் இளசாக, சாறு நிறைய இருந்தால் குட்டை இறக்கை, பறக்க முடியாது, முட்டை அதிகம் போடும். பயிர் முற்றி, கூட்டம் நெருக்கினால் நீண்ட இறக்கையோடு பிறந்து அடுத்த வயலுக்குக் கிளம்பும். இன்சுலினை உணர்கிற இரண்டு மரபணுக்கள் சுவிட்சு மாதிரி இதைத் தீர்மானிக்கின்றன என்று 2015-ல் கண்டறிந்தார்கள். குட்டை இறக்கை நிறையத் தெரிந்தால் குடியேறிவிட்டது என்று அர்த்தம், உடனே கவனியுங்கள்.

சுண்டைச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று, ஒன்று பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். செடி நன்றாக நிற்கிறது, ஆனால் காயில் புழு வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
*பாலூர் பக்கத்து விவசாயி*

புழுவே வராது என்று சொல்லி விற்றிருந்தால் அது தவறு. மற்றபடி ஒட்டுச் செடி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. வேர் சுண்டையுடையது, அதனால் வாடல் நோயும் நூற்புழுவும் அடங்கும். ஒட்டுக்கு மேலே இருக்கிற தண்டு, இலை, காய் எல்லாம் கத்தரியுடைய மரபணு, காய்த்துளைப்பானுக்கு அதே ருசி. ஒட்டுக்கட்டினால் இரண்டு செடி சேர்ந்து வாழும், மரபணு கலந்துவிடாது. வாடித் தொங்கும் குருத்துகளை வாரம் ஒருமுறை கிள்ளித் தீயில் போடுங்கள், இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து கட்டுங்கள். கிள்ளிய குருத்தை வரப்பில் எறிந்தால் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும்.

பி.டி. பருத்தி விதையோடு 120 கிராம் சாதா விதை தனிப் பொட்டலமாகக் கொடுத்தார்களே, அது எதற்கு? எங்கள் ஊரில் யாரும் விதைத்ததில்லை.
*வேப்பூர் வாசகர்*

நீங்கள் உண்மையை எழுதியதற்கு நன்றி. பி.டி. பருத்தி என்பது புழுவைக் கொல்லும் விஷத்தைச் செடியே செய்யும்படி பாக்டீரியா மரபணு வைத்த பருத்தி. அந்தப் பொட்டலம்தான் முழுப் பாதுகாப்புக்கும் அஸ்திவாரம். பி.டி. விஷத்தைத் தாங்கும் தன்மை காய்ப்புழுவுக்கு, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழுசாக வெளிப்படும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்த பிள்ளை பி.டி. செடியைத் தின்றால் பெரும்பாலும் செத்துவிடும். ஓரத்தில் சாதாப் பருத்தி இருந்தால் அங்கே சாதாப் புழு நிறைய வளர்ந்து, பி.டி. வயலில் தப்பிய ஒன்றிரண்டோடு இணையும், பிள்ளைகள் தாங்காது. சாதாப் பருத்தியே இல்லை என்றால் தப்பியதும் தப்பியதும்தான் சேரும்.

நடந்ததும் அதுதான். 2002-ல் பி.டி. பருத்தி வந்தது, 2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைத் தாங்குகிறது என்று அறிவித்தார்கள், இரண்டு மரபணு வைத்த அடுத்த வகையும் சில வருஷத்தில் அதே கதி. அமெரிக்காவில் சாதாப் பருத்தியை ஒதுக்கி வைத்தார்கள், மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டார்கள், 2018-ல் அங்கே பருத்தி வயல்களில் அந்தப் புழுவே இல்லை என்று அறிவித்தார்கள். நம் விவசாயி மேல் மட்டும் நான் பழி போட மாட்டேன். எதற்கு அந்தப் பொட்டலம் என்று உட்கார வைத்து யார் சொன்னார்கள்? இப்போது நீங்கள் செய்யக்கூடியது, கடைசி எடுப்போடு பருத்தி மாரை, அதாவது நிற்கிற செடித்தண்டை, அழித்துவிடுவது. வெள்ளாமையை இழுத்துக்கொண்டே போனால் புழுவுக்கு வருஷம் முழுக்கச் சோறு.

எங்கள் வீட்டு அவரைப் பந்தலில் ஒரு நாள் பத்து அசுவினி, அடுத்த வாரம் கொடியே கறுப்பு. எப்படி முடிகிறது?
*முத்தியால்பேட்டை, பத்தாம் வகுப்பு மாணவி*

நல்ல கேள்வி பாப்பா. நம் ஊர் வெப்பத்தில் அசுவினிக்கு ஆணே தேவையில்லை. தாய் முட்டையிடாமல் நேராகக் குட்டி போடும், எல்லாம் பெண், எல்லாம் தாயின் மரபணு நகல். அதைவிட ஆச்சரியம், பிறக்காத அந்தக் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த கருவும் வளர ஆரம்பித்திருக்கும், பாட்டி உடம்பில் பேத்தி. அதனால் மருந்துக்குத் தப்பிய ஒரே ஒரு அசுவினி போதும், பந்தல் முழுக்கத் தப்பிக்கிற நகல்கள்தான்.

காலையில் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவச் சொல்லுங்கள். கொடியில் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, சின்ன முதலை மாதிரி ஒரு புழு ஊர்ந்தால் நசுக்கிவிடாதே, அது பொறிவண்டுக் குஞ்சு. ஒரு நாள் உட்கார்ந்து, அது எத்தனை அசுவினி தின்கிறது என்று எண்ணி எனக்கு எழுது.