வாசகர் கேள்வி பதில்: குடுவையில் காளான் வளருமா?

கேள்வி: மாடியில் வைக்கோல் படுக்கை போட்டுச் சிப்பிக் காளான் வளர்த்து, அக்கம்பக்கத்தில் விற்று வருகிறேன். வைக்கோலே இல்லாமல், ஆலைக் கழிவு நீரில் காளான் வளர்க்கலாம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேள்விப்பட்டேன். எங்கள் தெருவில் பாலைத் திரித்துப் பன்னீர் தயாரிப்பவர், அதில் பிரியும் தெளிநீரை அன்றாடம் கேன் கேனாகச் சாக்கடையில் கொட்டுகிறார். அதில் காளான் எடுக்கலாமா? திப்தூர்ப் பக்கம் கொப்பரை போடுபவர்களிடம் தேங்காய்த் தண்ணீர் வாங்கலாமா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தெளிநீரில் வளர்க்கலாம். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது காளானின் இழை, அதாவது படுக்கைக்குள் வெள்ளை நூலாகப் படரும் பகுதி, மட்டுமே. பொரியலுக்கு நறுக்கும் குடை அதில் வராது. குடை எழும்புவதற்கு ஈரக்காற்று, ஓரளவு வெளிச்சம், ஊன்றி நிற்க ஒரு திடப்பொருள் ஆகியவை வேண்டும். நீரில் மூழ்கி, இடைவிடாமல் குலுக்கப்படும் இழையோ ஊறிய ஜவ்வரிசி போலச் சிறு உருண்டைகளாகத் திரளும். மொட்டுக் காளான் இனத்தின் இழையை இவ்வாறு மூழ்கு முறையில் வளர்த்த செய்தியை 1948-இல் அமெரிக்காவின் ஹாரி ஹம்ஃபெல்ட் வெளியிட்டார். இன்று இழைத்தூள், நொதிகள், மருந்துக்கான பல்கூட்டுச் சர்க்கரைகள் ஆகியவற்றுக்காக இம்முறை பயன்படுகிறது.

உங்கள் அளவுக்கு இதன் உண்மையான பயன் திரவ வித்துதான், அதாவது இழை வளர்ந்த நீரையே விதையாகப் பயன்படுத்துவது. சோளத்தில் தயாராகும் படுக்கை வித்துக்குத் தாய் வித்தாக இதை ஊற்றினால், இழை தானியமெங்கும் ஒரே நேரத்தில் பல புள்ளிகளிலிருந்து பரவுவதால் காத்திருக்கும் நாட்கள் குறையும். ஆனால் இதை நேரடியாக வைக்கோல் படுக்கையில் ஊற்றாதீர்கள். வெந்நீரில் ஊறவைத்த வைக்கோல் முழுமையாகக் கிருமி நீங்கியதன்று. திரவத்தில் மிஞ்சியிருக்கும் சர்க்கரையைக் காளானுக்கு முன்பே பச்சைப் பூஞ்சாணம் பிடித்துக்கொள்ளும்.

பன்னீர்த் தெளிநீர் நல்ல தேர்வு. அதில் ஏறக்குறைய 4.5 முதல் 5 விழுக்காடு வரை பால்சர்க்கரை இருக்கிறது. சாக்கடையை நாறடிப்பதும் இந்தச் சர்க்கரைதான். பாலை நன்கு காய்ச்சித் திரிப்பதால் புரதத்தில் பெரும்பகுதி பன்னீரோடு போய்விடுகிறது. ஆகவே பாலாடைக்கட்டி ஆலையின் தெளிநீரைவிட இது தெளிவாக இருக்கும். அன்றைய நீரை அன்றே வாங்கி, ஒரு கொதி விட்டுத் துணியில் வடிகட்டி, சம அளவு தண்ணீர் கலந்து, சமையல் சோடாவால் அமிலத்தன்மையைச் சிறிது குறையுங்கள். பால்சர்க்கரையை எல்லாக் காளான் ரகங்களும் ஒரே வேகத்தில் உண்பதில்லை என்பதால், முதலில் இரண்டு மூன்று பாட்டில்களில் மட்டும் பார்த்துவிட்டுப் பெருக்குங்கள்.

கிருமி நீக்கத்தில் பெங்களூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பிரஷர் குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் 121 பாகை செல்சியஸ் என்பது கடல்மட்டக் கணக்கு. நம் ஊர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதே அழுத்தத்தில் வெப்பம் 119 பாகையை ஒட்டியே நிற்கும்; ஆகவே 20 நிமிடம் என்று புத்தகம் சொன்னால் நீங்கள் அரை மணி நேரம் வையுங்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், இழைக்குக் காற்று வேண்டும். குலுக்காமல் வைத்த பாட்டிலில் மேற்பரப்பில் ஒரு தோல் படர்வதோடு சரி.

பாட்டில் ஆறியபின் தொடக்க வித்தை இட்டுக் குலுக்கி வந்தால், 25 முதல் 28 பாகையில் ஒரு வாரம், பத்து நாட்களில் உருண்டைகள் திரளும். அவற்றுக்கு இடையிலுள்ள நீர் தெளிவாக இருந்தால் நல்லது. நீர் முழுவதும் கலங்கிப் புளித்த வாடை வந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது, தயங்காமல் கொட்டிவிடுங்கள். தொடக்க வித்தைச் சந்தையில் யாரோ தருவதை வாங்காமல், ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

திப்தூர் யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே பெரும்பாலும் உண்டைக் கொப்பரைதான். முழுத் தேங்காயை மாதக்கணக்கில் அட்டாலியில் வைத்து, உள்ளிருக்கும் நீர் தானாக வற்றிய பிறகே உடைப்பார்கள். தேங்காய்த் துருவல் பொடி ஆலைகளில் கேட்டுப் பாருங்கள்; அங்கே தண்ணீர் வீணாகிறது. ஆனால் அது சில மணி நேரத்தில் புளிக்கும் என்பதால், அல்சூர் வரை கொண்டுவருவது வண்டி வாடகைக்குக் கட்டுப்படியாகுமா என்பதில் எனக்கு ஐயம்தான்.

கேள்வி: அந்த இழையை உலர்த்திப் பொடியாக்கிச் சத்துமாவில் கலந்து விற்கலாமா?
– அதே வாசகி

பதில்: வீட்டு அளவில் வேண்டாம். நம் நாட்டில் உணவாக உண்ட வழக்கம் இல்லாத பொருள்களுக்கு, 2017-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முன் அனுமதி தேவை. உங்கள் காளானுக்கு ஏற்கெனவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். திரவத்தை வித்துக்கு வைத்துக்கொண்டு, குடையையே விற்றுக்கொண்டிருங்கள்.