குதிரைக்கு யார் கொள்ளு வைத்தது?

கேள்வி: பழைய வெஸ்டர்ன் படங்களை, அதாவது அமெரிக்கக் கௌபாய் படங்களை, தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். ஓர் இடம் பிடிக்கவில்லை என்றால் குதிரையில் ஏறிக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சுதந்திரம் நமக்கு ஏன் வாய்க்கவில்லை? (வாசகர், விருதுநகர்)

பதில்: குதிரை என்று எழுதினீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். யாருடைய குதிரை?

நிஜ கௌபாய்க்குச் சொந்தம் என்று பெரும்பாலும் இருந்தது சேணம் ஒன்றுதான். குதிரை பண்ணை முதலாளியுடையது, மாடும் அவருடையது. மாதம் 30, 40 டாலர் சம்பளத்துக்கு வெயிலிலும் புழுதியிலும் அலைந்த கூலியாள் அவன். 1883இல் டெக்சாஸின் வடகோடிப் பண்ணைகளில் இவர்கள் 50 டாலர் கேட்டு வேலைநிறுத்தமே செய்து, தோற்றுப்போனார்கள். வேலைநிறுத்தம் செய்யும் கௌபாயை எந்தப் படத்தில் பார்த்தீர்கள்? மாடு மேய்க்கும் கௌபாயையே 'ரெட் ரிவர்' (1948) போன்ற சில படங்களில்தான் பார்க்க முடிகிறது. மற்றவர்களுக்கு அந்த வேலைக்கு நேரமில்லை.

குதிரை விஷயத்தை இன்னும் முடிக்கவில்லை. நாயகன் ஊருக்குள் வருகிறான். சலூன் என்கிற சாராயக்கடையின் வாசல் கட்டையில் கடிவாளத்தை ஒரு சுற்றுச் சுற்றுகிறான், முடிச்சுகூடப் போடுவதில்லை. உள்ளே போய் ஒரு கிளாஸ் விஸ்கி, ஓர் ஆட்டம் சீட்டு, நான்கு கொலை. அந்த ஜீவன் அதுவரை வெளியே வெயிலில் நிற்கிறது. கொள்ளு கிடையாது, புல் கிடையாது. லாடம் தேய்ந்ததா என்று யாரும் காலைத் தூக்கிப் பார்ப்பதில்லை. இவ்வளவு குதிரைகள் நிற்கும் தெருவில் ஒரு லத்தி விழுந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர்கள் சவாரிக் காசில் பாதியைக் குதிரைக்கே போட்டுவிட்டு மீதியில் குடும்பம் நடத்தினார்கள். அவர்களில் ஒருவர்கூட அஸ்தமன சூரியனை நோக்கிக் கிளம்பியதில்லை, மறுநாள் காலை பாசஞ்சருக்கு ஆள் ஏற்ற வேண்டியிருந்தது. திரையில் கிளம்புகிறவன் மட்டும் லாயத்துக்குப் பாக்கி தீர்க்காமலே கிளம்பிவிடுகிறான். செலவுக் கணக்கைக் கத்தரித்து எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் சுதந்திரமாக இருக்கலாம், ஐயா.

நல்ல வெஸ்டர்ன்களை எடுத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' (1939) படத்தில் பயணிகள் குதிரை வண்டிக்குள் தொண்டை கிழிய முழங்குகிறவர் கேட்வுட் என்கிற வங்கிக்காரர். வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்கிறார். வங்கியைச் சோதிக்க அதிகாரிகளை அனுப்புவதா என்று கொதிக்கிறார். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் ஒரு பையை மட்டும் பிடித்த பிடி விடுவதில்லை. உள்ளே, அவரை நம்பி வங்கியில் ஒப்படைத்த சம்பளப் பணம். சுருட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். மேடையில் ஒருவர் சுதந்திரம், தலையீடு என்று குரல் உயர்த்தினால் உடனே அவர் மடியைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இந்தப் படத்தில்தான் தொற்றியது. சுயநிதிக் கல்லூரி ஆண்டு விழாக்களில் மிகவும் பயன்படுகிறது.

வண்டிக்கு வெளியே தெரியும் அந்த மாபெரும் வெளி? படம் பிடித்த மானுமென்ட் பள்ளத்தாக்கு, நவஹோ பூர்வகுடிகளுக்கென்று அமெரிக்க அரசு கோடு கிழித்து ஒதுக்கிய நிலத்துக்குள் இருக்கிறது. குன்றின்மேல் நின்று மிரட்டும் அபாச்சே என்ற வேறொரு பூர்வகுடி வீரர்கள் கூலிக்கு நடித்த நவஹோக்கள். எல்லையற்ற சுதந்திரத்துக்குப் பின்னணி தேடிய ஹாலிவுட்டுக்கு, எல்லை போட்டு அடைத்த இடம்தான் தோதாக அமைந்தது.

இத்தாலிய வெஸ்டர்ன்தான் உசத்தி என்று எனக்குக் கடிதம் எழுதியே தபால் துறையை வாழவைக்கும் கோஷ்டி ஒன்று உண்டு. அவர்கள் இந்நேரம் பேனாவைத் திறந்திருப்பார்கள். மூடி வையுங்கள். ஸ்பெயினின் அல்மேரியா பொட்டலில் நின்று இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் ஆட்கள் தேடியது தங்கம். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. அந்த நேர்மைக்காக மட்டும் ஒரு மதிப்பெண் தருகிறேன்.

நீங்கள் பார்க்க வேண்டிய படம் வேறு. 'லோன்லி ஆர் தி பிரேவ்' (1962). நாயகன் ஜாக் பர்ன்ஸாக நடித்த கிர்க் டக்ளஸ் தன் படங்களிலேயே தனக்குப் பிடித்தது என்று சொன்னது. திரைக்கதை டால்டன் ட்ரம்போ. அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அரசியல் சார்பு பற்றிய கேள்விக்குப் பதில் தர மறுத்து, 1950இல் சிறைக்குப் போனவர். விலங்கு எப்படி உறுத்தும் என்று யாரிடமும் கேட்டு எழுத வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

படத்தின் ஆரம்பத்தில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருக்கிறான் ஜாக் பர்ன்ஸ். மேலே ஜெட் விமானங்கள் வானத்தில் வெள்ளைக் கோடு போடுகின்றன. முள்வேலி குறுக்கே வந்தால் வெட்டிவிட்டுப் போகிறான். காவலர்கள் அடையாள அட்டை கேட்டால், இல்லை. நான் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அட்டை வேண்டியதில்லை என்கிறான். நண்பனைத் தப்பிக்க வைக்க வேண்டுமென்றே வம்பிழுத்துச் சிறைக்குள் போகிறான். நண்பனோ, எனக்கு மனைவி பிள்ளை இருக்கிறது, தண்டனையை முடித்துவிட்டு வருகிறேன் என்று படுத்துக்கொள்கிறான். இவன் மட்டும் கம்பியை அறுத்து வெளியேறுகிறான். பின்னால் ஜீப்பும் ஹெலிகாப்டரும். தனி ஆளாக மலையேறினால் மெக்சிகோ கைக்கெட்டும் தூரம். ஆனால் விஸ்கி என்ற பெண்குதிரையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. செங்குத்துப் பாறையில் அவன்தான் அதை இழுத்துக்கொண்டு ஏறுகிறான். மலையைத் தாண்டியும் விடுகிறார்கள். மறுபக்கம் நெடுஞ்சாலை, இரவு, மழை. விளக்கு வெளிச்சத்தில் குதிரை மிரண்டு நடுச்சாலையில் நின்றுவிட, கழிப்பறைப் பீங்கான் ஏற்றிய லாரி ஒன்று வந்து மோதுகிறது. லாரியில் வேறு சரக்கை ஏற்றியிருந்தால் ரசிகர்கள் கண்ணீர் விட வசதியாக இருந்திருக்கும்.

ஜாக் பர்ன்ஸுக்கு அட்டையும் இல்லை, வீடும் இல்லை. உங்களுக்கு வீடு இருக்கிறது, அந்த முகவரிக்குத்தான் மாதாமாதம் இதழ் அனுப்புகிறோம். எங்காவது கிளம்புவதாக இருந்தால் புதிய முகவரியைச் சந்தா எண்ணுடன் முன்கூட்டியே எழுதுங்கள். சென்ற முறை சொல்லாமல் வீடு மாறிவிட்டு, இதழ் வரவில்லை என்று நீங்கள் எழுதிய கோபக் கடிதம் என் மேஜையில்தான் இருக்கிறது.