பொட்டாஷ் மூட்டையும் மகளின் படிப்பும்

ஐயாவுக்கு வணக்கம்.

சென்ற வாரம் மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு அவளுடன் திருவாரூருக்கு என்னிடம் வந்திருந்தீர்கள். "பன்னாட்டு அரசியல் படிக்கிறேன் என்கிறாள். டி.வி.யில் சண்டைச் செய்தி பார்ப்பதற்கு ஒரு படிப்பா? அதில் சோறு கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெளியே அடுத்தவர்கள் காத்திருந்ததால் அன்று அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது முழுதாக, உங்கள் வயலிலிருந்தே தொடங்கிச் சொல்கிறேன்.

சம்பாவுக்கு நீங்கள் போடும் பொட்டாஷ் முழுக்க இறக்குமதிச் சரக்கு. கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பெலாரஸிலிருந்தும் கப்பலேறி வருகிறது. யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு வேண்டும். நாம் இறக்குமதி செய்யும் எரிவாயுவில் மிகப்பெரிய பங்கு கத்தாரிலிருந்து, ஈரானை ஒட்டிய குறுகிய கடல்வழியான ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டி வருகிறது. அந்த நீரிணையில் பதற்றம் என்று செய்தி வந்தால் அது உங்கள் ஊர் உரக்கடைக்கும் செய்திதான். 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. 2024 செப்டம்பரில்தான் நீக்கியது. உள்நாட்டு விலைக்காக எடுத்த முடிவு அது. ஆனாலும் உணவுத் தேவை என்று கேட்டு வந்த நாடுகளுக்கு அரசு தனி அனுமதி கொடுத்தது. எந்த நாட்டுக்கு, எவ்வளவு என்று முடிவு செய்ய அயலுறவு தெரிந்தவர்கள் வேண்டும்.

இன்னும் பக்கத்தில் கோடியக்கரை இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லையால் நாகை மீனவர்கள் இன்றும் கைதாகிறார்கள், படகுகளை இழக்கிறார்கள். அக்கரையில் யாழ்ப்பாணத்து மீனவர்களோ, நம் விசைப்படகுகளின் இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) தங்கள் வலைகளை அறுக்கிறது, மீன் வளத்தை அழிக்கிறது என்கிறார்கள். இலங்கை 2017இல் இழுவைமடிக்குச் சட்டத் தடையே கொண்டுவந்தது. இரு கரையிலும் பேசுவது தமிழ். இரண்டு பக்கத்து வேதனையையும் அவரவர் வாய்மொழியிலேயே கேட்டு, சட்டத்தையும் படித்து, டெல்லியில் போய் விளக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. உங்கள் மகளுக்கு அந்த வாய்ப்பு பிறப்பிலேயே இருக்கிறது. அவளை இந்தப் படிப்புக்கு அனுப்பலாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமும் இதுதான்.

நம் மண்ணுக்கு இது புதிதும் அல்ல. 1869இல் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி கும்பகோணத்தில் படித்தவர். 1922இல் போர்க்கப்பல்களுக்கு வரம்பு கட்டிய வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டார். 1927இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் முகவராக, அதாவது அதன் பிரதிநிதியாகப் போனார்.

இனி சோறு. இந்திய அயலுறவுப் பணிக்கு வழி யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுதான். ஏதேனும் ஒரு பட்டம் போதும். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் அயலுறவுப் பணிக்கு ஆண்டுக்கு நூறு இடம்கூட இல்லை. அதை மட்டும் நம்பிப் பிள்ளையை ஐந்து, ஆறு வருடம் அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். அப்படி வாடிப்போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

என் யோசனை இது. இளங்கலையில் பொருளியல் எடுக்கட்டும். தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரியே போதும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். மூன்றாம் ஆண்டில் முதுகலைக்கான கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதி, டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கோ புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கோ முயலலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, உத்தியியல் துறை இருக்கிறது. கூடவே ஒரு மொழி. எல்லோரும் பிரெஞ்சு என்பார்கள். நான் சிங்களம் என்பேன், இல்லாவிட்டால் சீனம். முதுகலைக்குப் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி ஆசிரியப் பணி, ஆய்வு நிறுவனம், ஏற்றுமதி நிறுவனம், பத்திரிகை என்று வழிகள் உண்டு. தொடக்கத்தில் சம்பளம் சுமாராகத்தான் இருக்கும். முதல் நான்கைந்து ஆண்டுகள் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விருப்பம் உண்மைதானா என்று அறிய ஒரு சிறு வேலை கொடுங்கள். ஒரு மாதம் நாகை மீனவர் செய்திகளை அவள் வெட்டிச் சேர்க்கட்டும். பிறகு இரண்டு பக்கக் கட்டுரை: முதல் பக்கம் நாகை மீனவராக நின்று, இரண்டாம் பக்கம் யாழ்ப்பாண மீனவராக நின்று. அறுவடை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். அவள் அம்மாவையும் அழைத்து வாருங்கள். அன்று வேறு யாருக்கும் நேரம் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.